அமாவாசைக் காந்தம்

மெல்லிய படலம் வளர்ப்பது என்றால் வேறொன்றுமில்லை, கண்ணாடிச் சில்லைக் கழுவி வைத்துவிட்டு, கரண்ட் எப்போது போகுமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கும் தொழில்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் ஐந்து வருடம் இந்தத் தொழிலைப் பார்த்தேன். ஆராய்ச்சி என்ற பெயரில் பம்ப் சத்தத்தில் காதையும், கைடின் அறை வாசலில் செருப்பையும் தேய்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அண்டா அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அதைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். அடியில் ஒரு சின்ன உலோகத் தொட்டியில் நீலப் பொடி. சூடு ஏற்றினால் அந்தப் பொடி, கற்பூரம் போல, உருகாமலேயே ஆவியாகி மேலே போய், அங்கே ஒரு துருப்பிடிக்காத தட்டில் வரிசையாக மாட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டிக்கொள்ளும். தலைமுடியின் கனத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அந்தப் படலத்தின் கனம்.

பொடி ஒன்றும் அபூர்வமானதல்ல. பெயின்டிலும் அச்சு மையிலும் போடுகிற அதே நீலம்தான். ஆனால் அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கிறது, அது ஒரு குட்டிக் காந்தம். காந்தம் மேலே பார்த்தால் ஒன்று, கீழே பார்த்தால் பூஜ்யம். கடுங்குளிரில், யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால், ஒரே நேரத்தில் ரெண்டுமாகவும் இருக்கும். இப்படிப்பட்ட காந்தங்களைச் சொன்ன பேச்சு கேட்க வைத்தால் ஒரு நாள் குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற அதிசயத்தைச் செய்யலாம் என்று எங்கள் கைடு ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்திருந்தார். அப்போது எங்கள் துறையில் சாதாரணக் கம்ப்யூட்டரே ஒன்றுதான் இருந்தது, அதன் அறைச் சாவி இவரிடம் இருந்தது.

கைடு மைசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். எங்கள் லேப் அட்டெண்டர் மாதேசண்ணன், கொள்ளேகாலத்துக்கு அந்தப் பக்கம் ஹனூர்க்காரர். நான் சுபத்ரா, அப்பாவின் ரயில்வே உத்தியோகத்தால் மைசூரில் பிறந்தவள். கோபம் எனக்கும் மூக்கு நுனியில்தான். நாலு வருடம் ஓடிவிட்டது. ஐந்தாவது வருடத்துக்குள் என் நீலக் கண்ணாடிகள் காந்தமாக ஏதாவது ஒரு வேலை காட்டினால் எனக்கு டாக்டர் பட்டம். காட்டாவிட்டால் நாலு வருடமாகக் கண்ணாடி கழுவிய ஒரு எம்.எஸ்ஸி. கதை அவ்வளவுதான்.

மாடு எங்கே?

பம்ப் நன்றாக உறிஞ்ச வேண்டுமென்றால் அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். ஐஸைவிடப் பல மடங்கு குளிர், திறந்தால் வெள்ளைப் புகை. மைசூரில் அது தாராளமாகக் கிடைத்த இடம் கால்நடைத் துறையின் கருவூட்டல் நிலையம். காளைகளின் விந்தை அதில்தான் உறைய வைத்திருப்பார்கள். கைடு யாரையோ பிடித்து, வாரம் ஒரு கேன் வாங்க அனுமதி வாங்கிவிட்டார். ஆக வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, ஆட்டோவில் கேனை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, விவசாயிகளோடும் பசுமாடுகளோடும் நான் வரிசையில் நிற்பேன்.

ஒரு வாரம் புதிதாக ஒரு கம்பவுண்டர் வந்திருந்தார். எனக்கு முன்னால் நின்றவரின் ஜெர்சி மாட்டைப் பார்த்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் பார்த்தார். வாசல் வரை எட்டிப் பார்த்தார். நான் சீட்டை நீட்டினேன். காந்தம், கண்ணாடி, வருங்காலக் கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். பிறகு ரிஜிஸ்தரைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு, நல்ல தமிழிலேயே கேட்டார்: “அதெல்லாம் சரிம்மா, மாடு எந்த ஜாதின்னு மட்டும் சொல்லுங்க, இந்தக் கட்டத்தை நான் காலியா விட முடியாது.”

எத்தனை லிட்டர் குக்கர்?

கூண்டுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது கிழிந்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். புதிது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வருவதற்குள் எனக்கு நரை விழுந்துவிடும். மாதேசண்ணன்தான் மண்டி மொஹல்லாவில் அன்வர் பாய் கடையைச் சொன்னார். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. கடை முழுக்கக் குக்கர் வளையங்கள் மாலை மாலையாகத் தொங்கும். என் கிழிந்த வளையத்தை மேஜையில் வைத்தேன். பாய் அதைக் கையில் எடுத்து, மாலை போல் தன் கழுத்தில் போட்டுப் பார்த்தார், தோள் வரை வந்தது. “எத்தனை லிட்டர் குக்கர் இது? எந்தக் கல்யாணத்துக்கு?” என்றார்.

குக்கர் இல்லை, காற்றை உறிஞ்சும் கூண்டு என்றேன். அரிசி, பருப்பு எதுவுமா இல்லை என்றார். அரிசி என்ன, காற்றுகூட இருக்கக் கூடாது, அதற்குத்தான் இந்தப் பாடு என்றேன். பாய் ரப்பர் பட்டையை அளந்து வெட்டி, ஒட்டி, இழுத்துப் பார்த்து, அருமையாக ஒரு வளையம் செய்துவிட்டார். அது இரண்டு வருடம் உழைத்தது. ஆனால் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் என்மேல் ஒரு பரிதாபம் தெரிந்தது. “உள்ளே ஒண்ணுமே இல்லேன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கும்மா இவ்ளோ டைட்டா மூடி?”

மூணு மணி நேரம்

படலம் வளரக் குறைந்தது மூன்று மணி நேரம் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். நடுவில் போனால் பம்பில் உள்ள எண்ணெய் பின்னோக்கி ஏறிக் கூண்டையே நாறடித்துவிடும், சுத்தம் செய்ய இரண்டு நாள். அந்தக் காலத்தில் மைசூரில் கரண்ட் போவதற்கு ஒரு நேரம் சொல்வார்கள், போவது வேறொரு நேரத்தில். நான் சப்ஸ்டேஷனுக்கே போய் அங்கே ட்யூட்டியில் இருந்த ஆபரேட்டரிடம் அழாத குறையாகக் கேட்டேன். கல்யாண மண்டபத்துக்கெல்லாம் பார்த்துச் செய்கிறோம், படிக்கிற பெண்ணுக்குச் செய்ய மாட்டோமா என்று நல்ல மனிதர் ஒப்புக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை முழுசாக மூன்று மணி நேரம் கரண்ட் கண் சிமிட்டவில்லை.

மறுநாள் அவர் தன் கொடையின் பலனைப் பார்க்க நேரிலேயே வந்துவிட்டார், கூட ஒரு லைன்மேனும். நான் பெருமையாக ஆறு கண்ணாடிச் சில்லுகளை வெளியே எடுத்து வைத்தேன், ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி. ஆபரேட்டர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்து, லைன்மேனிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். “ஒரு ஊரையே மூணு மணி நேரம் தாங்கினது இத்தனூண்டு நீலத்துக்கா மேடம்? எங்க ஆபீஸ் கேட்டுக்கு இதே கலரை அரை மணியில அடிச்சிட்டாங்களே!”

பொதுமக்கள் பார்வைக்கு

வருடத்தில் ஒரு நாள் லேபைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுவார்கள். கைடு தன் கையாலேயே ஒரு பெரிய அட்டையில் ‘நாளைய கம்ப்யூட்டர்’ என்று மூன்று மொழியில் எழுதி, அதன் கீழே ஒரு வெல்வெட் துணியில் என் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார்கள். ஒன்றும் பூஜ்யமும் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று நான் நாணயத்தைச் சுழற்றிக் காட்டினேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது, கூட வந்த அறிவியல் டீச்சருக்குத்தான் கவலை வந்துவிட்டது, பரீட்சையில் இப்படி எழுதிவிடப் போகிறார்கள் என்று.

கூட்டத்தில் ஒரு அம்மாள், வாழைத்தண்டும் கீரையும் எட்டிப் பார்க்கும் பையோடு, மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தார். அட்டையைப் படித்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் படித்தார். கீபோர்டு எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். டிவி மாதிரி ஒன்று இருக்குமே, அது எங்கே என்றார். அதுவும் இல்லை என்றேன். கைடு பக்கத்திலேயே கை கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றிருந்தார். அந்த அம்மாள் அவரிடமே திரும்பி, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: “இதே கண்ணாடி எங்க பாத்ரூம் ஜன்னல்ல நாலு இருக்கு சார், ஒரு நாளும் அது கணக்குப் போட்டதில்லை.”

தோசைக்கல்லில் ஒட்டுமா?

இனி அந்தப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். என் நீலக் காந்தங்கள் சாதாரண அறை வெப்பத்தில் கட்டுப்பாடில்லாத கல்யாணக் கூட்டம் மாதிரி, ஆளுக்கொரு திசையில் பார்க்கும். வெளியிலிருந்து பெரிய காந்தத்தைக் காட்டினால் லேசாகத் திரும்பும், எடுத்தால் உடனே மறந்துவிடும். எல்லாரும் சேர்ந்து ஒரே திசையைப் பார்ப்பது, அதை நினைவு வைத்திருப்பது என்பதெல்லாம் அவற்றின் ஜாதகத்திலேயே இல்லை. அப்படித்தான் புத்தகங்கள் சொல்லின. ஒரு நாள் புதிதாக வளர்த்த படலத்தை அளக்கும் கருவியில் வைத்தேன். வரைபடத் தாளில் பேனா போன வழியே திரும்பி வரவில்லை. வயிறு பருத்த ஒரு வளையம் போட்டது. காந்தம் நினைவு வைத்திருக்கிறது என்று அர்த்தம், அதுவும் அறை வெப்பத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வளர்த்த படலத்திலும் வந்தது, கொஞ்சம் சின்னதாக. மூன்றாம் நாள் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் வந்தது.

கைடு வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, “இது வெளிய போகக்கூடாது சுபத்ரா, யாருகிட்டயும் மூச்சு விடாதே” என்றார். பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டுக்கு அன்றைக்கே என் பெயரில் பேச்சுச் சுருக்கம் எழுதி அனுப்பினார். என் டாக்டர் பட்டம் அந்த வளையத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல எனக்கே தெரிந்தது. மாலை நான்கு மணிக்குக் காபி குடிக்கக் கேன்டீனுக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டார். “கங்க்ராட்ஸ் மேடம்! உங்க கண்ணாடி காந்தம் ஆயிடுச்சாமே, சார் சொன்னார். நம்ம தோசைக்கல்லுல ஒட்டுமா?”

காலண்டர்

மாநாட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது. எந்தப் படலத்தில் வளையம் வருகிறது, எதில் வரவில்லை என்று காரணம் கண்டுபிடிக்காமல் மேடையில் ஏற முடியாது. பொடியை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், கனத்தை மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் எரிச்சலோடு, படலம் வளர்த்த தேதிகளை லேப் சுவரில் தொங்கிய காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். மாதத் தாளைப் புரட்டப் புரட்ட எனக்கு வியர்த்துவிட்டது. பெரிய வளையம் வந்த தேதிகளிலெல்லாம் ஏற்கெனவே ஒரு கறுப்பு வட்டம் அச்சாகியிருந்தது. அமாவாசை. அமாவாசையன்று பெரிய வளையம், மறுநாள் பாதி, மூன்றாம் நாள் சுத்தமாக இல்லை. நிலா வளர வளர எங்கள் காந்தம் தேய்ந்திருக்கிறது. அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் முடிச்சுப் போடுவதாக மற்றவர்களை எத்தனை கேலி செய்திருப்பேன், இப்போது அந்த முடிச்சு என் வரைபடத் தாளிலேயே விழுந்திருந்தது.

இதை எந்தச் சபையில் போய்ச் சொல்வது? கைடிடம் சொல்லப் பயமாக இருந்தது, அவர் சந்திரனின் ஈர்ப்பு விசையைக் கணக்கில் சேர்த்துவிடுவார். மாதேசண்ணனிடம் சொன்னேன். அவர் எல்லா அமாவாசைக்கும் தவறாமல் லீவு போட்டுவிட்டு, கொள்ளேகாலம் போய் அங்கிருந்து பஸ் பிடித்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர். பதினைந்து வருடமாக ஒன்றுகூட விட்டதில்லை. அவருக்குக் கொஞ்சமும் ஆச்சரியமே இல்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நானு ஒவ்வொருவாட்டியும் உங்குளுக்குஞ் சேத்தித்தானுங் மேடம் வேண்டிக்கிறேன். அய்யன் செய்யாம வேற ஆருங்க செய்வாங்க?”

வெறும் கண்ணாடி

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் என்னதான் நடக்கிறது என்று பார்க்க நான் வீட்டுக்குப் போகாமல் லேபிலேயே இருந்தேன். ஐந்து மணிக்கு மாதேசண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வந்தார். மலைக்குப் போகிறவர் வீடு வாசலைக் கழுவி, புழங்குகிற சாமானையெல்லாம் சுத்தம் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அவர் வழக்கம். அவர் புழங்குகிற சாமானில் எங்கள் கூண்டும் சேர்த்தி. கண்ணாடிச் சில்லுகளை மாட்டும் தட்டைக் கழற்றினார். மூலைமுடுக்கெல்லாம் விடாமல், பக்தியோடு, பளபளவென்று தேய்த்தார். எதனால்? அந்த வருடம் புதிதாக வாங்கியிருந்த, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரால். பொடிப் பொடியாக இரும்புத் தூள் தட்டின் இடுக்குகளில் ஒட்டியிருந்தது. அமாவாசையன்று நான் தனியாக வந்து, அதே தட்டில் கண்ணாடியை மாட்டுகிறேன், தூள் அதில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நாள் புழக்கத்தில் தூள் போய்விடுகிறது.

மறுநாள் பொடியே போடாமல், வெறும் கண்ணாடியை அந்தத் தட்டில் ஒரு மணி நேரம் மாட்டி வைத்துவிட்டு அளந்தேன். அதே வளையம், வயிறு பருத்தபடி. தப்பு அவர் மேல் இல்லை. ஒன்றும் பூசாத கண்ணாடியை முதலில் அளக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நாலு வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை, பார்த்துப் பார்த்துக் கழுவிய கண்ணாடிதானே என்ற திமிர். உண்மையைச் சொல்கிறேன், அன்று மதியம் ஒரு மணி நேரம் நான் யோக்கியமாக யோசிக்கவில்லை. மாநாட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. லேபில் என்னைத் தவிர யாருமில்லை. வெறும் கண்ணாடியை உடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டால் முடிந்தது. ஆனால் என் பேச்சைக் கேட்டுவிட்டு, வேறு ஏதோ ஊரில் என்னைப்போல ஒருத்தி, அந்த வளையத்தைத் தேடி ஒரு வருடம் கண்ணாடி கழுவுவாள் என்று தோன்றியது. அவள் லேபில் மாதேசண்ணன் இருக்க மாட்டார். வராத வளையத்துக்காக அவள் கைடு அவளைத் திட்டுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கைடின் அறைக்குப் போனேன். முழுக்கச் சொன்னேன். இங்கிலீஷில் இடி விழும் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. “ஆய்த்து. இத்தனை மாசமா நாம பாத்திரம் தேய்க்கிற நாரை ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்” என்றார். மாநாட்டுக்கு எழுதி, பேச்சை ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தமிழிலேயே பதில் சொன்னார்: “எதுக்கு? போய் இதையே சொல்லு. நான் முதல் வரிசையில உக்காந்திருக்கேன், சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்.”

தேங்காய் நார்

மலையிலிருந்து திரும்பிய மாதேசண்ணனிடம் விஷயத்தைச் சொல்வதுதான் கைடிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. விபூதியும் பொட்டலமும் கையுமாக நின்றவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன்னால் என் படிப்பு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். தப்பு என்னுடையது, நீங்கள் நாரைப் போட்டுத் தேய்த்ததால்தான் என் முட்டாள்தனம் வெளியே வந்தது என்று நானும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். பிரசாதத்தைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார். எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து கூண்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். கையில் ஒரு பை, அதில் பிரித்துக் காயவைத்த தேங்காய் நார் ஒரு குவியல். ஒரு கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதையும் உங்கொ மிஷின்ல வெச்சு அளந்து பாத்துப்போடுங் மேடம். நீங்க சரீன்னு சொன்னாத்தான் நானு தட்டத் தொடுவேன்.”

அளந்தேன். பேனா நேர்க்கோட்டில் போய் நேர்க்கோட்டில் திரும்பி வந்தது.

பிஸ்கட்

பெங்களூர் மாநாட்டில் எனக்குப் பதினைந்து நிமிடம். முதல் வரைபடத்தைப் போட்டபோது, பெரிய வளையம், சபையில் சலசலப்பு எழுந்தது. இரண்டாவதைப் போட்டேன், அதே வளையம். இது வெறும் கண்ணாடி என்றேன். இரும்பு நார், அமாவாசை, காலண்டர் எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ ஒருவர் பின்னால் சிரிக்க ஆரம்பித்து, அரங்கமே சிரித்தது. முதல் வரிசையில் எங்கள் கைடும் சிரித்தார், சொன்னபடியே, எல்லாரையும்விடச் சத்தமாக. கெட்ட சிரிப்பாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அடுத்துப் பேச வேண்டியவர் ஒரு பெரிய லேபின் தலைவர், தலை முழுக்க நரை. அவர் படலங்களிலும் அறை வெப்பத்தில் காந்தம் வந்திருப்பதாக நிகழ்ச்சி நிரலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மேடையேறியவர் படலத்தை எப்படி வளர்ப்பது என்று மட்டும் பத்து நிமிடம் பேசினார். காந்தத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நேரம் போதவில்லை என்று இறங்கிவிட்டார்.

தேநீர் இடைவேளையில் நான் ஒரு தூணோரமாக நின்றிருந்தேன். அவர் தட்டில் ஒரு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். உங்கள் தட்டு எந்த உலோகம், அந்த வெறும் கண்ணாடியை எவ்வளவு நேரம் மாட்டி வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் பிஸ்கட்டைச் சாப்பிடாமலேயே தட்டை மேஜையில் வைத்தார். “எங்க லேப்ல தட்டை யார் கழுவறாங்கன்னு இருபது வருஷமா நான் கேட்டதே இல்லைம்மா. இங்க எஸ்.டி.டி. பூத் எங்க இருக்கு?”

அடுத்த வருடம், கடுங்குளிரில் மட்டும் கொஞ்சூண்டு தலையாட்டும் என் நேர்மையான நீலக் காந்தங்களோடு, ‘வெறும் கண்ணாடி’ என்று ஒரு முழு அத்தியாயமும், நன்றியுரையில் முதல் பெயராக மாதேசண்ணனும் சேர்ந்து எனக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள் என்றாலும், மேலே ஒன்றுமே இல்லாத கண்ணாடியை அளந்ததற்குத்தான் அந்தப் பட்டம் என்பதை மண்டி மொஹல்லாவில் அன்வர் பாயிடம் சொல்கிற தைரியம் மட்டும் எனக்கு இன்று வரை வரவில்லை.